ஃப்ரீ த்ரோ கோட்டில் 5 நொடி – கடிதமும் பதிலும்

வணக்கம்,

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியின் பாஸ்கெட்பால் அணியைப் பார்த்துக்கொள்கிறேன். பயிற்சியில் பத்துக்கு எட்டு ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால், யாரும் தடுக்காமல் ரிங்கில் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) போடும் பெண், மேட்ச்சில் பாதிகூடப் போடுவதில்லை. இரண்டாவது ஃபவுல் விழுந்தால் கண் கலங்கி நின்றுவிடுகிறாள். உணர்வுசார் நுண்ணறிவு, அதாவது உணர்வுகளைப் புரிந்து கையாளும் திறன், எவ்வளவு என்று தேர்வு வைத்து அணியைத் தேர்ந்தெடுக்கலாமா?

உடற்கல்வி ஆசிரியை, கடலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தேர்வு வைத்து ஆள் எடுக்காதீர்கள். அந்த வினாத்தாள்களில் பலவும், ‘கோபத்தை என்னால் அடக்க முடியும்’ போன்ற வரிகளுக்கு எழுதுபவரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்பவை. அணியில் இடம் கிடைக்கும் என்றால் யார் குறைத்துப் போடுவார்கள்? உளவியலாளர்கள் சாலவேயும் மேயரும் 1990-ல் உணர்வுசார் நுண்ணறிவை ஒரு திறனாகத்தான் வரையறுத்தார்கள். திறனைப் பழக்கலாம்.

பயிற்சியில் அவள் நின்ற இடத்தில், மூச்சு வாங்காமல், பத்தையும் தொடர்ந்து எறிகிறாள். மேட்ச்சில் ஓடிக் களைத்து வந்தவளுக்கு இரண்டே வாய்ப்பு. படபடப்பில் தோளும் முன்கையும் இறுகும், முழங்கால் மடங்காது, பந்து தட்டையாகப் போய் ரிங்கின் முன்விளிம்பில் இடிக்கும். ஆகவே 28 மீட்டர் கோர்ட்டை நான்கு தடவை ஓடவிட்டு, உடனே இரண்டு ஃப்ரீ த்ரோ. மற்றவர்கள் சத்தம் போடட்டும். இப்படி ஐந்து சுற்று. இதில் வரும் எண்ணிக்கைதான் அவளுடைய உண்மையான கணக்கு.

நடுவர் பந்தைக் கொடுத்த 5 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். அதனால் நீண்ட மூச்சைப் பந்து கைக்கு வருமுன்பே விட்டுவிட வேண்டும். பிறகு பந்தைத் தரையில் இரண்டு தட்டு, ரிங்கில் ஒரே இடத்தில் பார்வை, எறிதல். 1996-ல் ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் ஃப்ரீ த்ரோவை ஆராய்ந்தபோது, தேர்ந்தவர்களின் பார்வை எறியுமுன் அசையாமல் கூடுதல் நேரம் நிலைத்தது. பதறுகிறவளின் கண் ரிங், ஸ்கோர்போர்டு, உங்கள் முகம் என்று அலையும். கவனித்துப் பாருங்கள்.

ஐந்தாவது ஃபவுலில்தான் வெளியேற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் விசில் கேட்டதும் உடம்பு உறைந்துவிடுகிறது. அந்த நொடியில் ‘கோபம்’ என்றோ ‘பயம்’ என்றோ மனசுக்குள் பெயர் சொல்லட்டும். அடுத்து, தான் மார்க் பண்ண (கூடவே நின்று தடுக்க) வேண்டியவளின் ஜெர்சி நம்பரை வாய்விட்டுச் சொல்லட்டும். நம்பரைச் சொன்னால் கண் ஆளைத் தேடும், காலும் கூடவே நகரும். பயிற்சி ஆட்டத்தில் இல்லாத ஃபவுலை வேண்டுமென்றே ஊதி இதைப் பழக்குங்கள்.

டைம்-அவுட் ஒரு நிமிஷம்தான். முதலில் தண்ணீர், பிறகு இரண்டே கட்டளை. ‘பொண்ணுங்கன்னா அழத்தான் செய்யும்’ என்று பெஞ்சில் யாரையும் பேச விடாதீர்கள். அந்தப் பேச்சு கேட்டுத்தான் பல பெண்கள் கோர்ட்டுக்கே வராமல் போனார்கள். கண்ணீரோடும் டிஃபென்ஸ் ஆடலாம். விசிலுக்குப் பிறகு எத்தனை நொடியில் தன் ஆளிடம் போய் நிற்கிறாள் என்பதை மட்டும் நோட்டில் குறித்து வாருங்கள்.