மூன்று தடவை எடுத்த புத்தகம்

கேள்வி: என் தம்பி மகளை மூன்று வருடமாக நான்தான் வளர்க்கிறேன். வயது பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு. அவள் அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனாள், பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பி திருப்பூரில் வேறு குடும்பமாகிவிட்டான். தீபாவளிக்குப் பிள்ளைக்குத் துணி அனுப்புவதோடு சரி. "அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறாள்" என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள். புத்தகம் வாங்கிக் கொடுத்தால் மனசு தேறும் என்று டீச்சர் சொன்னார். தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் 1,500 ரூபாய்க்குத் தன்னம்பிக்கைப் புத்தகங்களும் தலைவர்கள் வரலாறும் வாங்கினேன், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊர் நூலகத்திலிருந்து மட்டும் ஒரே கதைப் புத்தகத்தை மூன்று தடவை எடுத்து வந்தாள். அப்பா விட்டுவிட்டுப் போன ஒரு பையனின் கதை. படித்துவிட்டு அழுகிறாள். அழவைக்கிற புத்தகம் எதற்கு என்று நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவளுக்கு ஏற்ற புத்தகப் பட்டியல் தருவீர்களா?
– ஓர் அத்தை, உசிலம்பட்டி அருகில்

பதில்: பட்டியல் தரமாட்டேன். அவளுக்கு வேண்டிய புத்தகத்தை அவளே தேடி எடுத்துவிட்டாள், அதுவும் மூன்று தடவை. அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வேறு புத்தகம் கேட்கிறீர்கள்.

வாய் திறக்காத பிள்ளை, நூலகத்து அலமாரிகளில் துழாவித் தன் கதையைப் போல ஒரு கதையைக் கண்டுபிடித்திருக்கிறாள். பெற்றவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதும் உண்டு, அப்படி விடப்பட்ட இன்னொரு பிள்ளையும் உண்டு என்று அந்தப் புத்தகம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்று வருடமாக ஒரு போன்கூடப் பேசவிடாத வேலை எந்த ஊரிலும் கிடையாது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா? அவள் உங்கள் பொய்யை நம்புகிறாள் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் மனசு நோகக் கூடாதென்று நம்புகிற மாதிரி இருக்கிறாள். பிள்ளை பெரியவர்களைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிற வீடு அது.

புத்தகத்தின் வழியாக மனதை ஆற்றுவதை அமெரிக்க ஆய்வாளர் கரோலின் ஷ்ரோட்ஸ் 1949-இல் மூன்று படிகளாகச் சொன்னார். கதையில் வருபவரிடம் தன்னைக் காண்பது, அடக்கி வைத்ததை அழுது கொட்டுவது, அதன் பிறகு தன் நிலைமை தனக்கே தெளிவாவது. இந்தப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் முதல் படி ஏறி, இரண்டாவதிலும் கால் வைத்துவிட்டாள். அழுகிறாளே என்று நீங்கள் கீழே இறக்கிவிட்டீர்கள். அந்த அழுகைக்காகத்தான் அந்தப் புத்தகம். தன்னம்பிக்கைப் புத்தகங்களை அவள் தொடாததிலும் நியாயம் இருக்கிறது. "முயன்றால் முடியும்" என்பதை, அம்மா விட்டுப்போன பிள்ளை "நான் சரியாக இருந்திருந்தால் அம்மா போயிருக்க மாட்டாள்" என்றுதான் படித்துக்கொள்ளும்.

ஒருவர் இறந்தால் நமக்குக் கேதம் இருக்கிறது, பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது, வந்து கட்டிக்கொண்டு அழ ஊர் இருக்கிறது. உயிரோடு இருப்பவர் விட்டுப்போனால் என்ன இருக்கிறது? அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், முடிவு தெரியாத இந்த வகை இழப்பைத் தனியாகவே வகைப்படுத்தி, ஆற மிகக் கடினமானது என்று எழுதியிருக்கிறார். ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்து அவள் அழுவதை, அவளுக்கு யாரும் வைக்காத கேதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். தலைப்பு உங்களுக்கு மறந்திருந்தாலும் இரவல் பதிவில் இருக்கும். எடுத்து அவள் கையில் கொடுத்து, "உன்னைக் கேட்காம நான் திருப்பிக் குடுத்தது தப்புத்தா" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கடையில் கிடைத்தால் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள், நாள் முடிந்து திருப்பிக் கொடுக்கும் புத்தகமாக அது இருக்க வேண்டாம்.

அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் நீங்கள் அதை முழுக்கப் படியுங்கள். சில இடங்களைக் கவனிக்க வேண்டும். அப்பா போனதற்குப் பையன்தான் காரணம் என்று கதை எங்கேயாவது சொல்கிறதா? கடைசியில் அப்பா திரும்பி வருகிறாரா? பிள்ளை நல்ல பிள்ளையாக நடந்ததற்குப் பரிசாக அப்பா திரும்பி வருகிற கதைதான் இருப்பதிலேயே கெடுதலானது. அதை நம்பும் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், வராதபோது பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும். கூடவே இருந்து சோறு போடும் பெரியவர் ஒருவராவது கதையில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். பின்னால் வேறு புத்தகம் தேடும்போதும் இதே கண்ணோடு தேடுங்கள். கதையின் பிள்ளைக்கு அவள் வயதோ ஓரிரண்டு வயது கூடவோ இருக்கட்டும். நூறு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. 2023-இல் திறந்த மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி பெரியது. அங்கே அவள் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருங்கள், நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள்.

பிறகு சேர்ந்து படியுங்கள். சாயங்காலம் பதினைந்து, இருபது நிமிடம் போதும். படுக்கப் போகும் நேரம் வேண்டாம், விளக்கை அணைத்த பிறகு அந்தத் துக்கத்தோடு அவள் தனியாகக் கிடக்க நேரும். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாதபோது பிள்ளைகளுக்குப் பேச்சு வரும். கேள்வி கேட்பதானால் கதையில் வரும் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். "அந்தப் பையன் தட்டுல கை வச்சவன் அப்படியே எந்திரிச்சுப் போனானே, அப்ப அவனுக்கு என்ன தோணிருக்கும்?" இந்த அளவுதான். "உனக்கும் அப்படித்தானா?" என்று கேட்டீர்களோ, கதவு சாத்திக்கொள்ளும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வரிக்குப் போங்கள். அழுதால் வாசிப்பை நிறுத்தி அவள் முடிக்கும்வரை கூட இருங்கள், "அழாதே" என்று சொல்லாதீர்கள். கதை முடிந்ததும் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்கும் பள்ளிக்கூட வேலை அறவே வேண்டாம். ஒரு நோட்டைக் கொடுத்து, அந்தப் பையன் அப்பாவுக்குக் கடிதம் எழுதினால் எப்படி எழுதுவான் என்று கேட்கலாம். அந்த நோட்டை நீங்கள் பிரித்துப் பார்க்கக் கூடாது.

வாய்வழியாக ஒரு கதை சொல்ல ஆசைப்பட்டால் மணிமேகலையில் வரும் ஆபுத்திரனைச் சொல்லுங்கள். பெற்றவள் தோட்டத்தில் விட்டுப்போன குழந்தைக்கு ஒரு பசு ஏழு நாள் பால் கொடுக்கிறது, இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்க்கிறார். பிறப்பைச் சொல்லிப் பழித்து ஊர் விரட்டுகிறது. அவன் மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்த சோற்றை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்கிறான், அவன் கைக்குத்தான் அமுதசுரபி வருகிறது. தாயின் நடத்தையைப் பற்றிய பகுதியை நீட்டாதீர்கள், அந்தப் பேச்சை அவள் தெருவில் ஏற்கெனவே கேட்டிருப்பாள். கர்ணன் கதை இப்போது வேண்டாம். போருக்கு முன்னால் அம்மா வந்து நிற்கிறாளே, அந்த இடம் அவளை வதைக்கும்.

புத்தகத்தால் ஆகாத வேலைகளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, தன்னைத்தானே கீறிக்கொண்டாலோ, செத்துப்போகிறேன் என்ற பேச்சு வந்தாலோ, படிப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இரண்டும் கட்டணமில்லாதவை.

முக்கியமான வேலை உங்கள் வாயில் இருக்கிறது. புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நீங்கள் உண்மையைத் தள்ளிப்போட முடியாது. முதல் தடவை சேர்ந்து படித்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்: "உங்கம்மா வேலைக்குப் போகல. வீட்டை விட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னு எங்களுக்கும் தெரியாது. நீ செஞ்ச எதுனாலயும் அவ போகல. நீ இங்கதான் இருப்ப, எங்கூட." திரும்பி வருவாள் என்றும் சொல்ல வேண்டாம், வரமாட்டாள் என்றும் சொல்ல வேண்டாம். அவள் அம்மாவை ஏசவும் வேண்டாம். பெற்றவளை ஏசினால், தன்னில் பாதியை ஏசுவதாகத்தான் பிள்ளைக்குப் படும்.

உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. அம்மா போனதைச் சொல்லும் குரலில் இருக்கும் கோபம் அந்த வரியில் இல்லை. விட்டுப் போனவர்கள் இரண்டு பேர். உடன்பிறந்தவன் என்பதால் அவனுக்குச் சலுகை கொடுக்கிறீர்கள், அதற்கான விலையைப் பிள்ளை கொடுக்கிறாள். இன்னொரு குடும்பம் வந்துவிட்டால் முதல் பிள்ளைக்கு அப்பனாக இருக்கும் கடமை தீர்ந்துவிடாது. பராமரிப்புச் செலவு அவன் சட்டப்படி கொடுக்க வேண்டியது. அக்காவாக நீங்கள் வாயைத் திறந்து கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் மகளோடு போனில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். முடியாதென்றால் பேசவே வேண்டாம், தவறும் போன் வராத போனைவிட மோசம். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு, வருமான வரம்பும் உண்டு. உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

இந்தத் தீபாவளிக்குத் துணியை அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள். வருகிறேன் என்று அவன் சத்தியமே செய்தாலும், ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை பிள்ளையிடம் மூச்சு விடாதீர்கள்.