ஸ்காட்லாந்தில் முற்காலத்தில் ஒரு விதவை இறந்தால் அவருடைய சொத்து யாருக்குப் போயிற்று?

கேள்வி இது: 1800களில் ஸ்காட்லாந்தின் ஒரு கிராமத்தில், கணவர் போன பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்து இறந்த ஒரு பெண். குடும்பத்துக்கு வீடும் கொஞ்சம் நிலமும் இருந்தன. உயில் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய சொத்து எப்படிப் பைசல் செய்யப்பட்டிருக்கும்? எல்லாம் மூத்த மகனுக்கே போய்விட்டதா?

முதலில் கேள்வியிலேயே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அந்த வீடும் நிலமும் பெரும்பாலும் அவருடைய சொத்தாகவே இருந்திருக்காது. கணவர் கண்மூடிய அன்றே அவை மூத்த மகனுடையவை ஆகியிருக்கும். அந்த அம்மாள் அதே அடுப்பில் முப்பது வருடம் சமைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சுவரில் ஒரு கல்லையாவது யாருக்கும் எழுதிவைக்கும் உரிமை அவருக்கு இருந்திராது.

நான் எடின்பரோவில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். பழைய தஸ்தாவேஜு என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஓர் ஈர்ப்பு. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் மூதாட்டி ஒருவருக்காக அவருடைய முன்னோரின் ஆவணங்களைத் தேடிக்கொடுக்கப் போனேன். அப்படிப் படிக்கத் தொடங்கியதுதான், இன்றுவரை விடவில்லை. வழக்கறிஞராக அல்ல, இந்தக் காகிதங்களோடு பழகியவளாகவே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வேறானது. 1707இல் இரு நாடுகளின் நாடாளுமன்றங்களும் ஒன்றான பிறகும் அது தனியாகவே நின்றது. அங்கே ஒருவர் விட்டுச்செல்லும் சொத்து இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகும். நிலம், வீடு போன்ற அசையாச் சொத்து ஒரு பாதை. பணம், கால்நடை, தானியம், தட்டுமுட்டுச் சாமான், வரவேண்டிய கடன் ஆகிய அசையும் சொத்து இன்னொரு பாதை. இறந்தவர் வேறு ஏற்பாடு செய்யாமல் போயிருந்தால், முதல் பாதையில் மூத்த மகன் மட்டுமே நடப்பான். மகன்களே இல்லாவிட்டால்தான் மகள்கள் வருவார்கள். வந்தால் எல்லாரும் சம பங்காளிகள். இரண்டாவது பாதையிலோ ஆண், பெண் என்ற பேதமில்லை. மூத்த மகனுக்கு நிலம் என்ற அந்த முறை 1964ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை நீடித்தது என்பதை நான் முதலில் நம்பவே இல்லை. என் மேல்மாடி மூதாட்டிக்கு அப்போது கல்யாண வயது.

கணவர் இறந்தபோது விதவைக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால்தான் பிறகு அவர் இறந்தபோது என்ன மிஞ்சியது என்பது விளங்கும். கடன்களைத் தீர்த்த பிறகு கணவரின் அசையும் சொத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று மனைவிக்கு. ஒன்று பிள்ளைகளுக்கு. மூன்றாவது இறந்தவரின் சொந்தப் பங்கு. அதை மட்டுமே அவர் தன் விருப்பப்படி எழுதிவைக்கலாம். பிள்ளை இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி. கணவரின் உயில் வேறு விதமாகச் சொன்னாலும் மனைவி தன் பங்கைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கவில்லை.

நிலத்தில் அவருக்குக் கிடைத்தது ‘டெர்ஸ்’ என்ற உரிமை: கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம். விற்க முடியாது, எழுதிவைக்க முடியாது. இதை அளந்து கொடுக்கும் முறையை வாசித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பதினைந்து பேர் கொண்ட ஜூரி கூடும். இந்தப் பெண் இறந்தவரின் மனைவிதானா, அவர் அந்த நிலத்துக்கு முறைப்படி உரிமையாளராக இருந்தாரா என்று விசாரிக்கும். பிறகு ‘வெயிலா, நிழலா’ என்று சீட்டுப் போடுவார்கள். வெயில் என்றால் கிழக்கிலிருந்தும் நிழல் என்றால் மேற்கிலிருந்தும் எண்ணத் தொடங்கி, வாரிசுக்கு இரண்டு, விதவைக்கு ஒன்று என்று நிலத்தைப் பிரித்துக்கொண்டே போவார்கள். திருமணமாகி ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அழுகுரல் கேட்கும்படி உயிரோடு ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1855 வரை இருந்தது.

இனி நீங்கள் கேட்ட மரணத்துக்கு வருகிறேன். ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துச் சொல்வது எளிது. ஃபைஃப் பகுதியில் சொந்தமாகச் சிறிது நிலம் வைத்துத் தானே உழுத ஒருவர் 1840இல் உயில் இல்லாமல் இறக்கிறார் என்று கொள்வோம். இப்படிப்பட்டவர்களை அங்கே ‘போனெட் லேர்ட்’ என்பார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். கடன் போக அசையும் சொத்து 90 பவுண்டு. நிலம் மகனுக்கு. விதவைக்கு 30 பவுண்டும், நிலத்தில் மூன்றில் ஒன்றுக்கு ஆயுட்கால அனுபவமும்.

அந்த விதவை 1850இல் இறக்கிறார். டெர்ஸ் அந்த நாளோடு முடிந்தது. மே மாத விட்சன்டே, நவம்பர் மாத மார்ட்டின்மஸ் என்ற இரண்டு தவணைகளில் அவர் வாழ்நாளுக்குள் சேர்ந்துவிட்ட குத்தகைப் பாக்கி மட்டும் அவர் கணக்கில் வரும். மிஞ்சியது அந்த 30 பவுண்டு, கட்டில், படுக்கை, நூற்கும் ராட்டை, துணிமணி. இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம். தகப்பன் நிலத்தை எடுத்துக்கொண்ட மகனுக்கும் இதில் பங்கு உண்டு, ஏனென்றால் இது வேறொருவரின் சொத்து. அம்மாவே நிலமும் விட்டுப் போயிருந்தால்தான் அவன் யோசிக்க வேண்டும்: நிலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு விலகுவதா, அல்லது அதையும் பொதுவில் போட்டு எல்லாவற்றிலும் சமபங்கு கேட்பதா என்று.

மகள்களில் ஒருத்தி தாய்க்கு முன்பே இரண்டு குழந்தைகளை விட்டு இறந்திருந்தால்? 1850இல் அந்தப் பேரக்குழந்தைகளுக்கு ஒரு காசு கிடையாது. 30 பவுண்டு உயிரோடு இருக்கும் இருவருக்கும் பதினைந்து பதினைந்தாகப் போய்விடும். அதே பாட்டி 1856இல் இறந்திருந்தால் குழந்தைகளுக்கு அவர்கள் தாயின் பத்துப் பவுண்டு கிடைத்திருக்கும், ஏனென்றால் இடையில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. இறந்த தேதி இவ்வளவு முக்கியம். அந்தப் பெண்ணின் மரண ஆண்டை உறுதி செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

உயிரோடு இருந்த மகளின் பதினைந்து பவுண்டு மட்டும் அவள் கைக்கு வந்ததா? அவளுக்குத் திருமணம் ஆகியிருந்தால், பொதுவாக இல்லை. ‘ஜுஸ் மரிட்டி’ என்ற கணவன் உரிமையின்படி மனைவியின் அசையும் சொத்து, அவளுக்கு இனி வரப்போவதும் சேர்த்து, கணவனுடையது. அவளுடைய உடுப்பு, நகை போன்ற சில சொந்தப் பொருள்கள்தான் விலக்கு. ஆக, தாய் சேர்த்துவைத்த பணம் நேராக மருமகனிடம் போகும். அவன் நல்லவனானால் குடும்பத்துக்கு ஆகும். குடிகாரனானால் அதோடு போயிற்று. இந்த உரிமை 1881ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தில்தான் ஒழிந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு விதவைகளின் உயில்களைப் படியுங்கள். திரும்பத் திரும்ப ஒரு வாசகம் வரும்: என் மகளுக்கு நான் கொடுப்பது, அவளுடைய இப்போதைய கணவனோ இனிமேல் வரக்கூடிய கணவனோ எவருடைய உரிமைக்கும் நிர்வாகத்துக்கும் அவனுடைய கடன்காரர்களுக்கும் உட்படாது என்று. முதலில் இதை வழக்கறிஞரின் வாய்ப்பாடு என்றுதான் தாண்டிப் போனேன். வாய்ப்பாடுதான். ஆனால் அதை எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டவர் தானும் ஒரு காலத்தில் அந்த உரிமையின் கீழ் வாழ்ந்த பெண். கணவர் இறந்த பிறகுதான் அவர் கடன் கொடுக்கவும், வழக்குப் போடவும், தன் பணத்தைத் தன் பெயரில் வைக்கவும் யாருடைய ஒப்புதலும் தேவைப்படாத நிலைக்கு வந்தார். அந்த நிலையை மகளுக்கு அவள் கணவன் இருக்கும்போதே கொடுக்க அவருக்கு இருந்த வழி அந்த ஒரு வாசகம். அதனால்தான் உயில் இருந்ததா, இல்லையா என்பது ஒரு தகப்பன் விஷயத்தைவிடத் தாயின் விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. தகப்பனின் அசையும் சொத்தில் பிள்ளைகளுக்குச் சட்டப் பங்கு இருந்தது என்றேன் அல்லவா? தாயின் சொத்தில் 1881 வரை அது இல்லை. விதவை தன்னுடைய அசையும் சொத்து முழுவதையும் எந்தப் பிள்ளைக்கு வேண்டுமானாலும், பிள்ளையே அல்லாத வேலைக்காரிக்கு வேண்டுமானாலும் எழுதலாம். யாரும் அதை எதிர்த்துப் பங்கு கேட்க முடியாது.

சில விதவைகளுக்குச் சொந்த நிலமும் இருந்தது, தகப்பன் வழியில் வந்ததோ வாங்கியதோ. அதை 1868 வரை உயிலில் எழுத முடியாது. உயிரோடு இருக்கும்போதே ஆயுட்கால அனுபவத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதையும் கடைசி நோயில் எழுதக் கூடாது. எழுதியவர் அப்போதே நோய்வாய்ப்பட்டிருந்து அறுபது நாளுக்குள் இறந்தால், மூத்த மகன் அதை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம். இதற்குத் தற்காப்பு ஒன்று இருந்தது: எழுதிய பின் அவர் யார் கையையும் பிடிக்காமல் தானே தேவாலயத்துக்கோ சந்தைக்கோ போய்வந்ததை நிரூபிப்பது. உடம்பு முடியாத ஒரு கிழவி பத்திரம் செல்ல வேண்டும் என்பதற்காக ஊர் பார்க்கச் சந்தைக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள். இந்தச் சட்டம் 1871இல்தான் போனது.

அம்மாவின் நிலத்தை அடைந்த மகன் பிள்ளையில்லாமல் இறந்தால் நிலம் அவனுடைய தகப்பன் வழி உறவுக்குப் போகும். தாய் கொண்டுவந்த நிலமாக இருந்தாலும் தாய் வழி உறவினருக்குத் திரும்பாது. இதுவும் 1964 வரை. இதை நியாயப்படுத்தும் வாதம் எதையும் நான் ஏற்கவில்லை.

நடைமுறை எப்படி என்றால், சீர்திருத்தத் திருச்சபை வந்த பிறகு 1560களிலிருந்து கமிஸரி நீதிமன்றங்கள் இதைப் பார்த்தன. அதற்கு முன் ஆயர்களின் நீதிமன்றங்கள். 1823ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வேலை ஷெரிஃப் நீதிமன்றங்கள் என்ற வட்டார நீதிமன்றங்களுக்கு மாறியது. உயிலில் நிர்வாகியை நியமித்திருந்தால் அவரை நீதிமன்றம் உறுதி செய்யும். உயில் இல்லாவிட்டால் நெருங்கிய உறவினரோ, யாரும் வராவிட்டால் கடன் கொடுத்தவரோ நிர்வாகியாக விண்ணப்பிப்பார். ஆட்சேபம் இருப்பவர்கள் வரட்டும் என்று ஊர்த் தேவாலயக் கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள். நிர்வாகி சொத்துப் பட்டியல் தாக்கல் செய்து, ஜாமீன்தாரும் காட்ட வேண்டும். கடன்களில் ஈமச் செலவு, கடைசி நோயின் செலவு, வேலைக்காரர் கூலி, வீட்டு வாடகை ஆகியவைக்கு முன்னுரிமை. மற்றக் கடன்காரர்களுக்கு ஆறு மாதம் பொறுத்துத்தான் பட்டுவாடா. சாமான்களைப் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே ஏலம் விட்டார்கள்; அதற்கு அங்கே ‘ரௌப்’ என்று பெயர்.

நீங்கள் தேடும்போது அந்தப் பெண்ணைக் கணவரின் குடும்பப் பெயரில் மட்டும் தேடாதீர்கள். ஸ்காட்லாந்தின் சட்ட ஆவணங்களில் பெண் இறக்கும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்; பக்கத்தில் ‘இன்னாரின் ரெலிக்ட்’, அதாவது விதவை, என்று இருக்கும். 1513 முதல் 1925 வரையிலான உயில்களையும் பட்டியல்களையும் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ தளத்தில் தேடலாம். நிலம் யார் கைக்கு மாறியது என்பது இவற்றில் இருக்காது. அதற்கு 1617இல் தொடங்கிய சேசின் பதிவேட்டையும் (நில உரிமை கைமாறுவதைக் குறிக்கும் பதிவேடு) வாரிசு விசாரணைப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். 1600களின் பட்டியலில் பெரிய தொகை தெரிந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். அது ஸ்காட்ஸ் பவுண்டு. அதில் பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு.

எதுவுமே கிடைக்காமலும் போகலாம். வழக்கோ வங்கிப் பணமோ இல்லாத வீடுகளில் பிள்ளைகள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நீதிமன்றத்துக்குக் காசு கட்ட அவர்களுக்கு அவசியமில்லை. பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான். அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் திருச்சபையின் ஏழையர் உதவியில் வாழ்ந்திருந்தால் மட்டும் இன்னொரு இடம் பாருங்கள்: அந்த ஊரின் ‘கர்க் செஷன்’, அதாவது ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகக் குழு, வைத்திருந்த கணக்குப் புத்தகம். உதவி பெற்றவரின் சாமான்கள் அவர் இறந்ததும் சபைக்கே சேரும் என்பது 1845ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்துக்கு முன் பல ஊர்களில் இருந்த ஏற்பாடு. கட்டில், பானை, போர்வை ஏலம் போன தொகை ஒரு வரியில் வரவாக இருக்கும். சவப்பெட்டியின் விலை செலவாக இருக்கும்.