வெயில் விழும் சுவரில் நீர்வண்ண ஓவியங்கள்: கேட்கத் தயங்காதீர்கள்

வணக்கம். சமுதாயக் கலைக்கூடத்தில் முதல்முறையாகப் பன்னிரண்டு நீர்வண்ண ஓவியங்கள் வைக்கிறீர்கள், ஒதுக்கிய சுவரில் மதிய வெயில் நேராக விழுகிறது, இடம் மாற்றிக் கேட்டால் ஒருங்கிணைப்பாளர் என்ன நினைப்பாரோ என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள். வெளுத்த நிறம் திரும்பி வராது.

காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நேர் வெயிலோ பல்லாயிரம் லக்ஸ். அலிசரின் கிரிம்சன் மாதிரியான சிவப்புகள் சீக்கிரமே மங்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஓரளவு உதவும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். அக்ரிலிக் வண்ணம் வெயிலை இதைவிடத் தாங்கும், அதில் வரைபவர் யாராவது அதே காட்சியில் இருந்தால் சுவரை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் சன்னலுக்குத் திரை.

சட்டம் போடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடவே கூடாது. இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை (ஓவியத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வையுங்கள். ஈரம் கோத்தால் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும்.

பன்னிரண்டையும் நெருக்கி மாட்ட வேண்டாம், எட்டு போதும். ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

விற்றால் கூடத்துக்கு எத்தனை சதவீதம், சேதமானால் யார் பொறுப்பு, இரண்டையும் ஓவியங்களை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.