நான்கு நாளும் பெய்ஜிங்குக்கே

கேள்வி: அக்டோபரில் கேன்டன் கண்காட்சிக்காக சீனாவின் குவாங்சோ நகரத்துக்குப் போகிறேன். என் தொழிலுக்கான முதல் கட்டம் 19-ம் தேதி முடிகிறது. அதற்குமேல் நான்கு நாள் கையில் இருக்கிறது. மனைவியும் வருகிறார். அவருக்கு மூட்டுவலி, முட்டைகூடத் தொடாத சைவம். பெய்ஜிங், பெருஞ்சுவர், ஷியான் நகரத்துச் சுடுமண் வீரர் சிலைகள், ஷாங்காய் எல்லாவற்றையும் பார்க்க ஒரு அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். சரியாக வருமா?
- பம்ப் உதிரிபாக வியாபாரி, பீளமேடு, கோவை

பதில்: அட்டவணையைப் பார்த்தேன். நான்கு நாளில் மூன்று விமானம், இரண்டு ரயில். இதை உங்கள் மனைவியிடம் காட்டினீர்களா?

குவாங்சோவிலிருந்து பெய்ஜிங் என்பது கிட்டத்தட்ட சென்னையிலிருந்து டெல்லி போகிற தூரம். 2012 டிசம்பரில் தொடங்கிய அதிவேக ரயில் பாதை 2,298 கிலோமீட்டர். அவ்வளவு வேகத்தில் போயும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு இன்னொரு 1,318 கிலோமீட்டர். நாடு இந்தியாவைப்போல மூன்று மடங்கு. நாடு முழுக்க ஒரே கடிகார நேரம் என்பதால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான்.

ஷியானையும் ஷாங்காயையும் அடித்துவிடுங்கள். மண் வீரர்கள் ஈராயிரம் வருடமாக நிற்கிறார்கள், அடுத்த கண்காட்சி வரைக்கும் நிற்பார்கள். நான்கு நாளையும் பெய்ஜிங்குக்குக் கொடுங்கள். இருபதாம் தேதி விமானத்தில் போய், மாலையில் ஓய்வு. பெய்ஜிங்கில் இரண்டு பெரிய விமான நிலையங்கள் உண்டு. தெற்கே இருக்கிற டாஷிங் ஊர் மையத்திலிருந்து 46 கிலோமீட்டர். எதில் இறங்குகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஹோட்டல் போடவேண்டும்.

பழைய அரண்மனைக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். ஃபர்பிடன் சிட்டி என்கிறார்களே, அதுதான். திங்கட்கிழமை விடுமுறை. 2017-ல் எனக்குத் தெரியாது. கையில் ஒரு நாள் மட்டும் வைத்துக்கொண்டு போய், மூடிய சிவப்புக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்கு அடுத்த தடவைதான் உள்ளே போக முடிந்தது. வாசலில் போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், ஏழு நாள் முன்புதான் திறக்கும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. பதிவு திறக்கிற நேரத்தில் நீங்கள் கண்காட்சிப் பரபரப்பில் இருப்பீர்கள். இப்போதே போனில் அலாரம் வையுங்கள். முன்னால் இருக்கிற தியானன்மென் சதுக்கத்துக்கும் தனிப் பதிவு வேண்டும்.

தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியே வருவதுதான் வழி. நேராக நடந்தாலே ஒரு கிலோமீட்டர், முழுக்கக் கல் பாவிய தரை. பெரிய மண்டபங்கள் இருக்கிற முற்றங்களில் மருந்துக்குக்கூட மரம் இல்லை. மூட்டுவலிக்காரருக்கு இது சோதனை. அதனால் எல்லா மண்டபத்துக்கும் படி ஏறவேண்டாம், ஓரத்து முற்றங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். வெளியே வந்ததும் சாலைக்கு அந்தப் பக்கம் ஜிங்ஷான் என்ற சின்னக் குன்று. அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. மிங் வம்சத்தின் கடைசி அரசர் 1644-ல் தூக்கு மாட்டிக்கொண்டது இதன் அடிவாரத்தில்தான். மனைவி கீழே உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் மட்டுமாவது சாயங்காலம் மேலே ஏறுங்கள். அரண்மனையின் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் வரிசை வரிசையாக, உலரப்போட்ட நெல் மாதிரி வெயிலில் கிடக்கும். எனக்கு அரண்மனையைவிட இந்தக் காட்சிதான் பிடித்தது.

சுவருக்கு இன்னொரு நாள். சுவரில் நெருக்கடி பிடித்த பாடாலிங் பகுதி வேண்டாம். முதியான்யூ பகுதிக்குப் போங்கள், நகரத்திலிருந்து எழுபது கிலோமீட்டர் சுமார். கேபிள் கார் பதினான்காம் காவல் கோபுரத்தருகே இறக்கிவிடும். படிகள் ஒரே உயரமாக இருக்காது, ஒன்று கணுக்காலுக்கு, அடுத்தது முழங்காலுக்கு. இரண்டு கோபுரம் நடந்தால் போதும், சுவரைப் பார்த்தாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாரும் முழு நீளமும் நடந்தா வருகிறார்கள்?

மிச்ச நாளில் காலை ஏழு மணிக்கு சொர்க்கக் கோயில் பூங்கா. அந்த நீல வட்டக் கோபுரத்தைவிட, சுற்றியுள்ள ஜனங்களைப் பாருங்கள். நீண்ட நடைபாதை மண்டபத்தில் பாட்டிமார் சீட்டு ஆடுவார்கள். அடிக்கிற அடியில் திண்ணை அதிரும். இன்னொரு கூட்டம் இறகு வைத்த பந்தைக் காலால் தட்டிக்கொண்டிருக்கும். என் மனைவியையும் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதைத்த ஒரே உதையில் பந்து செடிக்குள் போய்விட்டது. அதைத் தேட எழுபது வயதுக்காரர்கள் நான்கு பேர் குனிந்தார்கள்.

சாப்பாட்டு விஷயம்தான் கவலை. ‘காய்கறி’ என்று கேட்டு வாங்கிய பீன்ஸ் வறுவலில் பன்றிக்கறித் துணுக்கு தூவியிருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வாசனைக்குப் போடுவது, இறைச்சிக் கணக்கில் வராது. ‘இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்’ என்று சீன எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். நம் உச்சரிப்பை நம்பவேண்டாம். யோங்ஹேகோங் லாமா கோயில் பக்கம் பௌத்த சைவ உணவகங்கள் உண்டு. ரயில் நிலையம், ரயில், ஹோட்டல் எங்கும் வெந்நீர் கிடைக்கும், ஆகவே உடனடி உப்புமா பாக்கெட்டும் ஒரு ஃபிளாஸ்க்கும் எடுத்துப் போனால் பிழைத்தீர்கள். ஒரு ஸ்வெட்டரும் வேண்டும். பெய்ஜிங்கில் பொதுவாக நவம்பர் 15-ம் தேதிதான் ஊருக்கே பொதுவான வெப்பமூட்டலைத் திறப்பார்கள், அதுவரை அறை குளிரும்.

கேள்வி: சீனாவில் கையில் பணம் வைத்துக்கொண்டால் போதுமா? ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?
- இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்

பதில்: பெட்டிக்கடை வரைக்கும் எல்லாம் போனில்தான். கிளம்பும் முன் ஊரிலேயே அலிபே என்ற பணம் கட்டும் செயலியைப் போனில் போட்டு, வெளிநாட்டில் செல்லும் கார்டை இணைத்து, வேலை செய்கிறதா பாருங்கள். நூறு யுவான் தாள் சிலவும் கையில் இருக்கட்டும். ஹோட்டல் வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் வராது, நம் சிம்மில் ரோமிங் போட்டால் வரும்.

ஊர் பத்திரமானதுதான். சதுக்கத்துப் பக்கம் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்து, ‘வாங்க, தேநீர் குடிக்கலாம்’ என்று கூப்பிடுகிற இளவட்டங்களிடம் மட்டும் ஜாக்கிரதை. தேநீர் வரும், கூடவே ஆயிரக்கணக்கில் பில்லும் வரும். ‘வீட்டுக்காரர் காத்திருக்கிறார்’ என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.