துணிப் பையில் செடி வைத்தால் மண் சீக்கிரம் காய்கிறதே, பிளாஸ்டிக் தொட்டிக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம். மண் காய்வதற்கும் செடி செழிப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: துணி வழியே காற்று போய் வருகிறது.

முன்பு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்த தக்காளியைக் காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்கினேன். வேரெல்லாம் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி, கயிற்றுச் சுருள் மாதிரி இறுகிக் கிடந்தது. அடுத்து துணிப் பையில் வைத்ததில் மண் முழுக்கச் சல்லி வேர்கள். வேர் நுனி துணியை எட்டியதும் காற்றுப் பட்டு உலர்ந்து நின்றுவிடும். உடனே பின்னாலிருந்து பக்க வேர்கள் கிளைக்கும். கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளை வருகிறதே, அது மாதிரிதான். தண்ணீரையும் சத்தையும் அதிகம் உறிஞ்சுவது இந்த இளம் வேர்கள்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கடும் வெயிலில் தினமும் ஊற்ற வேண்டியிருக்கும், சின்னப் பைக்கு இரண்டு வேளைகூட. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டுப்படாவிட்டால் ஊற்றுங்கள். முழுக்கக் காயவிடுவதுதான் பெரிய தப்பு. தென்னை நார்க்கழிவு கலந்த மண் காய்ந்தால் சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். அப்புறம் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். அடியில் வடிவதைப் பார்த்து நன்றாக நனைந்துவிட்டது என்று நினைப்போம், செடியோ வாடும். அப்படி ஆனால் பையை ஒரு தட்டில் வைத்து, தட்டில் தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரம் உறிஞ்ச விடுங்கள். மேலே காய்ந்த சருகு மூடாக்குப் போட்டு, பைகளை நெருக்கி வைத்தாலும் ஈரம் தங்கும்.

பை அளவில் கஞ்சம் பிடிக்காதீர்கள். தக்காளி, கத்தரிக்கு 20 லிட்டராவது வேண்டும். கீரைக்கு 8 லிட்டர் போதும். கொத்தமல்லிக்கு ஆணிவேர், நாற்றைப் பிடுங்கி நட்டால் சுணங்கும். பையிலேயே நேராக விதையுங்கள். புதினாவுக்குத் தனிப் பை, இல்லாவிட்டால் மற்றதை அமுக்கிவிடும்.

அடிக்கடி தண்ணீர் விடுவதால் சத்தும் கரைந்து வடியும். நான் 15 நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுகிறேன்.

பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் படிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது தண்ணீர் ஆவியானதும் தங்கிவிடும் உப்புதான், பிரஷால் தேய்த்தால் போய்விடும்.