கதிர்வீச்சு இல்லை என்பதற்காக எம்.ஆர்.ஐ.க்குப் போகலாமா?

கேள்வி: மூன்று வருடமாகப் பொது எக்ஸ்ரே பிரிவில் ரேடியோகிராபராக இருக்கிறேன். அடுத்து ஒரு சிறப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். கதிர்வீச்சுக்குப் பயந்து வீட்டில் எம்.ஆர்.ஐ.தான் நல்லது என்கிறார்கள். எனக்கு கேத் லேப் (எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாயில் மெல்லிய குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறை) மேல் ஆசை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பிரிவிலும் கூப்பிடுகிறார்கள். எதில் சேரட்டும்?
– ஒரு வாசகி

பதில்: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லைதான், ஆனால் வேறு ஆபத்து இருக்கிறது. 1.5 டெஸ்லா காந்தம் ஸ்கேன் ஓடாத நடுராத்திரியிலும் முழு பலத்தோடு நிற்கும். அவசரத்தில் யாராவது இரும்பு ஆக்சிஜன் சிலிண்டரோடு நுழைந்தால் அது பறந்துபோய் மோதும், நடுவில் ஆள் இருந்தாலும். அதனால் அங்கே பாதி வேலை விசாரணைதான்: பேஸ்மேக்கர் உண்டா, மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டதுண்டா, கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா? உடலுக்குள் பொருத்திய கருவி (இம்பிளான்ட்) இருந்தால் அதன் மாடலைச் சரிபார்க்காமல் உள்ளே விடக் கூடாது. ஸ்கேனுக்காக உடல்மேல் வைக்கும் ‘காயில்’ கருவியின் கேபிள் சுருண்டு தோலில் பட்டால் சூட்டுக்காயம் வரும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கச் சலிப்பவருக்கு இந்தப் பிரிவு சரிவராது.

கேத் லேபில் உங்கள் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர். ஓரடி பின்னால் நகர்ந்தாலே நன்றாகக் குறையும். கண் லென்ஸுக்கு ஐ.சி.ஆர்.பி. (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) 2011இல் சொன்ன வரம்பு, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). தொங்கும் ஈயக் கண்ணாடித் திரையைச் சரியாக இழுத்து வைத்து, கண்ணுக்கு ஈய மூக்குக்கண்ணாடியும் போட்டால் அதற்குள் இருக்கலாம். உண்மையில் படுத்துவது கதிரைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரனின் எடைதான். தோளிலும் இடுப்பிலும் பிரித்துத் தாங்கும் இரண்டு துண்டு ஏப்ரன் கேளுங்கள். மாரடைப்பு நேரம் பார்த்து வராது. ராத்திரி அழைப்பு நிச்சயம்.

மேமோகிராமைச் சின்ன வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எங்களைக் கேட்டால் கைத்திறன் அதிகம் வேண்டுவது அதற்குத்தான். சாய்வுப் படத்தில் மார்புத் தசை காம்பு மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும். காம்பிலிருந்து பின்பக்கம் அளக்கும் கோடு, சாய்வுப் படத்தில் இருப்பதைவிட மேலிருந்து எடுத்த படத்தில் 1 செ.மீ.க்கு மேல் குட்டையாக இருந்தால் பின்பகுதித் திசு விடுபட்டிருக்கலாம். அழுத்தம் குறைந்தால் படம் மங்கும், கதிர் டோஸும் கூடும். வலிக்க அழுத்தினாலோ, அந்தப் பெண் அடுத்த முறை வரவே மாட்டார். பேசிக்கொண்டே, விட்டுவிட்டு, படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும்.

ஆசை கேத் லேபில் என்றால் முதலில் ஆறு மாதம் சி.டி.யில் இருங்கள். ரத்தக்குழாயைப் படத்தில் தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து, அதை ஏற்ற நரம்பில் போடும் கேனுலா, ரத்தக்குழாய் அமைப்பு மூன்றும் அங்கேயே பழகிவிடும். பிறகு இரண்டு வாரம், ராத்திரி முறையும் சேர்த்து, கேத் லேபில் கூட நிற்க அனுமதி கேளுங்கள். கழுத்துப் பக்கம் ஏப்ரனுக்கு வெளியே கதிர் அளவைப் பதியும் ஒரு பேட்ஜ் மாட்டி, அதன் அளவை வீட்டில் காட்டுங்கள்.