24எல்சி256-ல் எழுதிய உடனே படித்தால் 255 வருகிறது, எவ்வளவு டிலே போட வேண்டும்?

உங்களுடையது கல்லூரி ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்கிறேன். ஆர்டுயினோ யூனோ போர்டு, ஐ2சி என்ற இரண்டு வயர் இணைப்பில் 24எல்சி256 என்ற ஈஈப்ராம், அதாவது பவர் போனாலும் டேட்டாவை வைத்திருக்கும் மெமரி சிப். யாரைக் கேட்டாலும் "டிலே 10 போடு, சரியாகிவிடும்" என்பார்கள், அதாவது 10 மில்லிசெகண்ட் சும்மா காத்திருக்கச் சொல். சரியாகவும் ஆகிவிடும். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

முதலில் அந்த 255. நீங்கள் ஸ்டாப், அதாவது அனுப்பி முடித்துவிட்டேன் என்ற சிக்னல், கொடுத்த பிறகுதான் சிப் உள்ளே எழுதவே ஆரம்பிக்கிறது. சிப் கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட்படி அதற்கு அதிகபட்சம் 5 மில்லிசெகண்ட். அது முடியும்வரை கூப்பிட்டால் ஏக், அதாவது "கேட்டது" என்ற பதில் சிக்னல், கொடுக்காது. டேட்டா கேட்கும் ரெக்வெஸ்ட்ஃப்ரம் வெறுங்கையோடு திரும்பும், ரீட் -1 தரும், அதை 0 முதல் 255 வரை மட்டுமே பிடிக்கும் பைட் வேரியபிளில் போட்டால் 255. காலி சிப்பிலும் எல்லா இடத்திலும் 255தான் இருக்கும். அதனால் பலர் எழுதவே இல்லை என்று முடிவுகட்டி நல்ல சிப்பைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

நான் எடைத்தராசு போர்டுகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறவன். பழைய மாடல் ஒன்று என்னிடம் வந்தது. சேவ் பட்டனை அமுக்கினால் டிஸ்ப்ளேயில் ஒரே ஒரு டிஜிட் மட்டும் பளிச்சென்று எரியும், மற்றதெல்லாம் அணைந்துவிடும், அப்புறம் பழையபடி வரும். எடையே மாறிவிட்டதோ என்று கடைக்காரர்களுக்குச் சந்தேகம். பவர் சப்ளை, டிரைவர் டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருந்தார்கள். புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தால், 16 பைட் பில் ரெக்கார்டை ஒவ்வொரு பைட்டாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் டிலே 10. மொத்தம் 160 மில்லிசெகண்ட். டிஸ்ப்ளேயின் டிஜிட்களை ஒவ்வொன்றாக மாறி மாறி எரியவைத்து ரெஃப்ரெஷ் செய்வது மெயின் லூப். அது டிலேயில் நிற்கும்போது கடைசியாக ஆன் ஆன டிஜிட் மட்டும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

16 பைட்டையும் ஒரே பேஜ் ரைட்டாக்கினேன், அதாவது சிப்பின் ஒரு பகுதிக்குள் (பேஜ்) மொத்தமாக ஒரே தடவையில் எழுதினேன். ஒரு பைட் எழுதினாலும் 64 பைட் பேஜ் முழுக்க எழுதினாலும் சிப் கேட்பது அதே 5 மில்லிசெகண்ட்தான். டிலே கிடையாது. லூப் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்ப்ளேயை ரெஃப்ரெஷ் செய்துவிட்டு, சிப்பின் முகவரியை மட்டும் அனுப்பிப் பார்க்கும். அனுப்பி முடிக்கும் எண்ட்டிரான்ஸ்மிஷன் 0 தந்தால் வேலை முடிந்தது, 2 தந்தால் ஏக் வரவில்லை, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன், பெரும்பாலும் 5 மில்லிசெகண்டுக்கு முன்னாலேயே ஏக் வந்துவிடுகிறது.

"5 மில்லிசெகண்டுக்கு இவ்வளவு பேச்சா" என்று சிலர் வருவார்கள். எப்போதாவது ஒரு செட்டிங்கை மட்டும் எழுதுகிறவர் டிலே போட்டால் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு எஸ்பிஐ ஃப்ளாஷுக்கு, அதாவது எஸ்பிஐ என்ற வேறு இணைப்பில் வரும் இன்னொரு வகை மெமரி சிப்புக்கு, மாறினால்? டபிள்யூ25கியூ64 என்ற ஃப்ளாஷ் சிப்பில் 4 கேபி செக்டார் ஒன்றை அழிக்க 400 மில்லிசெகண்ட் வரை ஆகலாம். அங்கே வேலை இன்னும் நடக்கிறதா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் பிஸி பிட்டைத்தான் பார்க்க வேண்டும். அந்த டிலே 10 அங்கே எதற்கும் உதவாது.

இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகளிடம் டேட்டாஷீட்டைக் கொடுத்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் புரட்டுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டைச் சமர்ப்பித்தாலும் கண்டுகொள்ளாத கல்லூரிகள் இருக்கின்றன. நாலு வருஷம் ஃபீஸ் கட்டிய பெற்றோரை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் கோடுக்கு வருகிறேன். ஏக் வருகிறதா என்று பார்க்கும் லூப்புக்கு 20 மில்லிசெகண்ட் வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு வயர் கழன்றாலும் புரோகிராம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். யூனோ ஆர்3-ல் ஐ2சி-க்கான வயர் (Wire) லைப்ரரியின் பஃபர், அதாவது அனுப்பும் முன் டேட்டாவைச் சேர்த்துவைக்கும் இடம், 32 பைட், முகவரிக்கு 2 போனால் ஒரு தடவைக்கு 30தான். பேஜ் எல்லையைத் தாண்டினால் மிச்ச டேட்டா அதே பேஜின் தொடக்கத்துக்குப் போய் அங்கிருப்பதை அழித்துவிடும். 16-ன் மடங்கான முகவரியில் தொடங்கி 16 பைட்டாக எழுதுங்கள், அந்தத் தொல்லை வராது.